வயிற்றுப் புற்றுநோய்: கீமோவோடு புது ஊசியும் வேண்டுமா?



இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவற்றை அடுத்த இதழில் பார்ப்போம். கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அத்தைக்கு வயசு 58. ஆறு மாசமா நெஞ்சு கரிக்குது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்களும் வாயுன்னுதான் நெனச்சோம். மதுரையில குழாய் விட்டுப் பார்த்து வயித்துல புத்துநோய்னு சொல்லிட்டாங்க. வேற இடத்துக்குப் பரவலையாம். முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், மறுபடி கீமோ. அதோட இம்யூனோதெரபின்னு ஒரு ஊசியும் சேர்த்துப் போட்டா நல்லதுங்கிறாங்க. கொழுந்தனார், 'அந்த ஊசி மட்டும் போதும், கீமோ போட்டா முடியெல்லாம் கொட்டிரும், ஆளே உருக்குலைஞ்சு போயிருவாங்க'ங்கிறார். எங்க வீட்டுக்காரர் பூண்டு போடுற ஒரு ஏக்கரை வித்துடலாங்கிறார். அத்தையோ, 'எனக்காக நிலத்தை விக்காதீங்க, நான் வாழ்ந்து முடிச்சவ'ன்னு அழறாங்க. நாங்க என்னதான் செய்யறது?"

சகோதரி, உங்கள் அத்தையின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து வைத்தியம் செய்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அந்த டாக்டரிடம் என்ன கேட்பது, எதை நம்புவது, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் நாம் உட்கார்ந்து பேசலாம். 'வேறு இடத்துக்குப் பரவவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் செய்யும் வைத்தியம் நாள் கடத்துவதற்கான வைத்தியம் அல்ல. குணமாக்கப் பார்க்கிற வைத்தியம்.

இம்யூனோதெரபி என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும், 'எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிற ஊசி' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சத்து டானிக் மாதிரி ஏதோ ஒன்று, உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. அது சரியில்லை.

நம் ரத்தத்தில் 'டி' செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. உடம்புக்குள் சுற்றிச் சுற்றி வந்து, அந்நியமாக எது தெரிந்தாலும் தாக்குவது அவற்றின் வேலை. அவை சொந்த உடம்பையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, அவற்றின் மேல் ஒரு தடுப்பும் உண்டு. அதற்கு பி.டி.-1 என்று பெயர்.

உங்கள் ஊருக்கே உதாரணம் சொல்லலாம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகள் சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதல்லவா? புற்றுநோய்ச் செல்லும் தன் மேல் பி.டி.எல்.-1 என்ற ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு, 'நான் உள்ளூர்க்காரன்தான்' என்று போலி பாஸ் காட்டுகிறது. டி செல்லும் நம்பி விட்டுவிடுகிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், டுர்வாலுமாப் என்ற மருந்துகள் அந்த பாஸைச் செல்லாமல் ஆக்குகின்றன. அதன் பிறகு டி செல் தன் வேலையைச் செய்கிறது. ஜப்பானைச் சேர்ந்த தசுகு ஹோன்ஜோ, அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் அலிசன் ஆகிய இருவரும் இந்தத் தடுப்புகளைக் கண்டறிந்து ஆராய்ந்ததற்காகத்தான் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, இந்த ஊசி எதையும் ஏற்றுவதில்லை. ஒரு தடுப்பை எடுக்கிறது. தடுப்பை எடுத்தால் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கீமோ வேண்டாமா?

இப்போது கொழுந்தனாரின் கேள்விக்கு வருவோம். பெரும்பாலோருக்கு இந்த ஊசி மட்டும் போதாது. கீமோவும் ஆபரேஷனும்தான் வீட்டின் சுவர். ஊசி அதன் மேல் போடுகிற பூச்சு.

ஆபரேஷன் செய்யக்கூடிய வயிற்றுப் புற்றுநோய்க்கு, தாங்கக்கூடிய உடல்நிலை இருந்தால், இன்று 'ஃப்ளாட்' என்ற நான்கு மருந்துக் கூட்டைக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக ஆபரேஷனுக்கு முன் நான்கு, பின் நான்கு. 2019-இல் வெளிவந்த ஜெர்மன் ஆராய்ச்சி ஒன்று, பழைய கீமோவைவிட இது மேல் என்று காட்டியது. பழைய கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் 35 மாதம் தாண்டினார்கள் என்றால், இதில் பாதிப் பேர் 50 மாதம் தாண்டினார்கள். ஊசி எதுவும் சேர்க்காமலே கிடைத்த பலன் இது!

அதோடு இம்யூனோதெரபியைச் சேர்த்தால்? 'மேட்டர்ஹார்ன்' என்ற ஆராய்ச்சியில் 948 நோயாளிகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஃப்ளாட்டோடு டுர்வாலுமாப், மீதிப் பேருக்கு ஃப்ளாட் மட்டும். 2025-இல் முடிவு வந்தது. இரண்டு வருஷ முடிவில் நோய் வளராமல், திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி சேர்த்தவர்களில் 100-க்குச் சுமார் 67 பேர். சேர்க்காதவர்களில் சுமார் 59 பேர். மூன்று வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 69-க்கு 62. அதே 2025 நவம்பரில் அமெரிக்காவில் இதற்கு அனுமதியும் கிடைத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே மாதிரி பெம்ப்ரோலிசுமாபை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்த மற்றொரு பெரிய ஆராய்ச்சியில், கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் அதிகமானார்கள். ஆனால் நோய் திரும்பாமல் இருப்பதில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே ஊசியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'இம்யூனோதெரபி' என்ற ஒரே பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல.

இரண்டும் ஏன் சேர்ந்து வேலை செய்கின்றன? கீமோ புற்றுச் செல்களை உடைக்கிறது. உடைந்த துண்டுகளைப் பார்த்துத்தான் டி செல்கள் எதிரியின் முகத்தைத் தெரிந்துகொள்கின்றன. டி செல்கள் கிளம்பிப் படை சேர்க்க நாள் பிடிக்கும்; அதுவரை நோயை அடக்கி வைப்பதும் கீமோதான்.

ஒரே ஒரு சிறு கூட்டம் இதற்கு விலக்கு. சிலருடைய கட்டியில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடே கெட்டுப்போயிருக்கும். அதை எம்.எஸ்.ஐ. அல்லது எம்.எம்.ஆர். என்ற பரிசோதனை காட்டும். அவர்களுக்கு இம்யூனோதெரபி மிக நன்றாக வேலை செய்கிறது. கீமோ இல்லாமலே கொடுக்கலாமா என்றுகூட டாக்டர்கள் யோசிப்பார்கள். கொழுந்தனார் சொல்வது அத்தைக்குப் பொருந்துமா என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். பயாப்ஸி எடுத்த துணுக்கிலேயே அதைச் செய்யலாம். மறுபடி குழாய் விட வேண்டியதில்லை.

முடி கொட்டுவது உண்மைதான். ஃப்ளாட்டில் உள்ள ஒரு மருந்தால் பெரும்பாலும் கொட்டும். முடிந்தபின் முளைக்கும். அதுவரை ஒரு தலைத்துணி கட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

பரவிவிட்டவர்களுக்கு?

இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நோய் பரவி ஆபரேஷன் செய்ய முடியாத நிலையிலும் கீமோவோடு இந்த ஊசியைச் சேர்க்கிறார்கள். 1,581 பேரை வைத்து நடந்த 'செக்மேட் 649' ஆராய்ச்சியில், பி.டி.எல்.-1 அளவு 5-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 21; கீமோ மட்டும் பெற்றவர்களில் 10. பி.டி.எல்.-1 அளவு 1-க்கும் கீழே இருந்தால் சேர்ப்பதில் பலனைவிட ஆபத்தே மேலோங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் கருத்துச் சொன்னது. ஆகவே இந்த நிலையில் அந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஹெர்-2 என்ற பரிசோதனையும் அவசியம். அது 'உண்டு' என்று வந்தால் அதற்கென்றே தனி மருந்து இருக்கிறது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

சகோதரி, இனி வருவதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாலும் நல்லது. மதுரையில் இருப்பவருக்கு இல்லாத சில கஷ்டங்கள் ஏழாயிரம் அடி உயரத்தில் இருப்பவருக்கு உண்டு.

ஃப்ளாட்டில் 'ஆக்ஸாலிபிளாட்டின்' என்று ஒரு மருந்து இருக்கிறது. அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மின்சாரம் பாய்ந்த மாதிரி விறுவிறுக்கும். குளிர்ந்த காற்றை இழுத்தாலோ, ஆறிய தண்ணீரைக் குடித்தாலோ தொண்டை இறுகி மூச்சடைக்கிற மாதிரி பயமுறுத்தும். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி கிடக்கிற ஊரில் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா? பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது, விடியற்காலையில் தோட்டத்துக்குப் போவது எல்லாம் அத்தைக்கு வேண்டாம். கையுறை, காலுறை, மூக்கையும் வாயையும் மூடுகிற கம்பளித் துணி வேண்டும். குடிப்பதும் கை கழுவுவதும் வெந்நீர். அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. விறுவிறுப்பு அடுத்த தவணைவரை போகாமல் நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.

அடுத்தது காய்ச்சல். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம். 'பனி ஒத்துக்கல, கஷாயம் வெச்சுக் குடுப்போம்' என்று ஒரு ராத்திரி காத்திருக்கக் கூடாது. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கத்திலிருந்து கொடைக்கானல் வரவே நேரமாகும். அங்கிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். ராத்திரியில் மலைப்பாதை, பனிமூட்டம், யானை, காட்டெருமை எல்லாம் உண்டு. முதல் இரண்டு தவணைகளுக்காவது வத்தலக்குண்டிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்க வழி செய்யுங்கள். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, ஊசியின் ஆபத்து. தடுப்பை எடுத்துவிட்டதால் டி செல்கள் சில சமயம் நல்ல உறுப்புகளையும் தாக்கும். குடலைத் தாக்கினால் பேதி. நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமல், மூச்சு வாங்குதல். தைராய்டைத் தாக்கினால் அசதி, உடம்பு சில்லிடுதல். கல்லீரலைத் தாக்கினால் மஞ்சள் காமாலை. தோலில் தடிப்பு, அரிப்பும் வரலாம். மலையில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இருமினால் 'குளிருக்கு', மூச்சு வாங்கினால் 'மேடு ஏறியதற்கு', சில்லிட்டால் 'இந்த ஊர் அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. ஊசி நின்று பல மாதம் கழித்தும் இவை வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், 'இவங்க இம்யூனோதெரபி எடுத்தவங்க' என்று முதலில் சொல்லுங்கள். மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அத்தையின் பையிலேயே வைத்துவிடுங்கள். பேதிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு மறைக்காதீர்கள். காலத்தில் சொன்னால் ஸ்டீராய்டு கொடுத்துப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

சாப்பாடும் பத்தியமும்

'எதிர்ப்புச் சக்திக்கு' என்று சீந்தில் கொடி, லேகியம், சூரணம் எல்லாம் அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை டாக்டர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். ஊசியும் கல்லீரலைத் தொடக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும். உங்கள் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்கிய பெருமை உடையதுதான். குழம்பில் நான்கு பல் போடுங்கள், மணமாக இருக்கும். பச்சையாக அரைத்து மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

கீமோ நாட்களில் கஞ்சி, இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வேகவைத்த முட்டை. பழத்தைக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம்; வாரம் ஒரு தடவை எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு சின்னதாகிவிடும், அல்லது இல்லாமலே போகும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரைமணி கழித்துக் குடிக்கட்டும். இனிப்பு அதிகமானால் குடலுக்குள் வேகமாக இறங்கி, படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். பழனி பஞ்சாமிர்தத்தை ஒரு விரல் நுனியில் பிரசாதமாகக் கொடுங்கள், போதும். முழு வயிற்றையும் எடுத்திருந்தால் பி-12 ஊசி ஆயுசு முழுக்கத் தேவை.

நிலத்தை விற்கலாமா?

இதுதான் உங்கள் வீட்டில் ராத்தூக்கம் கெடுக்கிற கேள்வி. என் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கீமோவும் ஆபரேஷனும் விடவே கூடாதவை. அவற்றுக்காக நிலத்தை விற்க வேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம்.

இம்யூனோதெரபி ஊசி பல சமயம் ஒரு தவணைக்கே லட்ச ரூபாயைத் தாண்டும். மேட்டர்ஹார்ன் முறைப்படி 14 தவணை. சுமார் ஒரு வருஷம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் டுர்வாலுமாபுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது; என்றாலும் சாதாரணக் குடும்பத்துக்கு அது மலைதான். அதனால் நிலத்தில் கை வைக்கும் முன் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்:

1. எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.-1, ஹெர்-2 மூன்றின் முடிவும் என்ன?
2. எந்த ஊசி, எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு ஆகும்?
3. காப்பீட்டில் இந்த ஊசி வருமா? கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் உண்டா? இந்தியாவிலேயே தயாராகும் மலிவான வகை உண்டா?
4. ஊசி இல்லாமல் கீமோவும் ஆபரேஷனும் மட்டும் செய்தால் அத்தையின் நிலைமையில் வாய்ப்பு எப்படி?
5. பாதியில் பணம் தீர்ந்தால் என்ன ஆகும்?

'குறைந்த அளவு ஊசி போதுமாமே' என்று சிலர் சொல்வார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற மிகக் குறைந்த அளவே தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டியது. ஒரு வருஷம் தாண்டியவர்கள் 100-க்கு 16-லிருந்து 43 ஆனார்கள். நம் நாட்டு ஏழைகளுக்கு நல்ல சேதிதான். ஆனால் அது வேறு புற்றுநோய், வேறு நிலை. வயிற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாமாக முடிவு கட்ட முடியாது, டாக்டரிடம் கேளுங்கள்.

கணக்கை இப்படிப் பாருங்கள். ஊசி சேர்த்தால் 100 பேரில் கூடுதலாக எட்டு, ஒன்பது பேர் இரண்டு வருஷம் நோய் இல்லாமல் இருக்கிறார்கள். கையில் வசதி இருந்தால், உதவித் திட்டம் கிடைத்தால், கட்டாயம் சேர்க்கலாம். பிள்ளைகளின் சோறே அந்த ஒரு ஏக்கரில்தான் விளைகிறது என்றால், கீமோவையும் ஆபரேஷனையும் ஒழுங்காக முடித்துவிட்டு, ஊசியை விட்டுவிடுவது அத்தைக்குச் செய்கிற துரோகம் ஆகாது. வீட்டுக்காரரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நாளைக்கு எது நடந்தாலும், 'நிலத்தை வித்திருந்தா பிழைச்சிருப்பாங்களோ' என்று அவர் மனசு அரிக்கப்படக் கூடாது.

அத்தை 'வாழ்ந்து முடிச்சவ' என்கிறாரா? 58 ஒரு வயசா! அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் டாக்டரிடம் பேசாதீர்கள். அவரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். உடம்பு அவருடையது, முடிவிலும் அவருக்குப் பங்கு உண்டு. பயமே பாதி அழுகைக்குக் காரணமாக இருக்கும்.

மற்ற எல்லாருக்கும்

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, நெஞ்சு கரித்தால் சோடாவைக் குடித்துப் படுத்துக்கொள்கிற பெண்கள் நாம். 40 வயசுக்கு மேல் புதிதாக வந்த அஜீரணம் மூன்று வாரம் தாண்டினால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால், எடை குறைந்தால், மலம் கறுத்தால், காரணமில்லாமல் ரத்தம் குறைந்தால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலை.

வயிற்றுப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் கண்டுபிடித்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. புகையிலை, உப்பு மிகுந்த கருவாடு, ஊறுகாய் ஆகியவையும் சேர்ந்து கெடுக்கும். சகோதரி, உங்கள் வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் எல்லாரும் அத்தையின் பிள்ளைகள். மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து, கிருமி இருந்தால் டாக்டர் தரும் மாத்திரைகளைச் சொன்ன நாள்வரை முழுதாகச் சாப்பிடட்டும். அதற்கு எந்த நிலத்தையும் விற்க வேண்டாம்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.